வேதமணி மிஸ் எடுத்த ஏலம்

வேதமணியின் வம்சத்தில் எவரும் எதையும் விற்றதில்லை. நாசரேத்தில் அவளுடைய தாத்தா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், சித்தப்பாமார் அத்தனை பேரும் வாத்தியார்கள். அந்த வீட்டுக் கோழி முட்டையிடுவதற்குக்கூட மணி அடிக்க வேண்டும் என்று தெருவில் பேச்சு. முட்டை மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குப் போகும், மாங்காய் மிஞ்சினால் போதகர் வீட்டுக்குப் போகும். ஒரு சாமானுக்கு விலை சொல்வது என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை பேசுவதற்கு அடுத்த படி.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குத்தான் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பித்துப் பிடித்தது.

எம்.காம். படித்துவிட்டு, தூத்துக்குடியிலிருந்து பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் புதிதாக முளைத்திருந்த ஒரு கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். நாலைந்து வருடம் பற்று வரவு எழுதிப் போட்டதில் சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறி, தும்மினால்கூட ஒரு தும்மல் பற்றிலும் ஒரு தும்மல் வரவிலும் விழும் நிலைமைக்கு வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், வடக்கே நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குக் கல்லூரி அவளை அனுப்பிவைத்தது. போனவள் ஒருத்தி, திரும்பி வந்தவள் வேறொருத்தி. தொழில்முனைவு என்று ஒரு புதுச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். வியாபாரி பிறக்கிறானா, உண்டாக்கப்படுகிறானா? இதுதான் அவள் கேள்வி. இதைத்தான் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போவதாகச் சொன்னாள்.

ஆராய்ச்சிக்காகத் தூத்துக்குடி கடைத்தெருவில் ஒரு குடையும் பேனாவுமாக அலைந்தாள். "அண்ணாச்சி, மொத மொதல்ல கடை தொறந்த அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். விற்பனை வரி ஆபீசிலிருந்து வந்தவள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேதமணி மிஸ் தெருமுனையில் திரும்புகிறாள் என்றால் தராசுகள் தாமாகவே நேராகிக்கொண்டன. எடைக்கற்கள் குறைந்த எடையைச் சரிசெய்துகொள்ள ராவோடு ராவாகப் பருத்தன என்றுகூடச் சொல்வார்கள். பிறகு ஆள் வாத்தியாரம்மா என்று தெரிந்ததும் அண்ணாச்சிமார் பேசத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. பருப்பு மண்டிக்காரரும் கயிற்றுக் கடைக்காரரும் வாழைக்காய் வியாபாரியும் சொன்னது சுற்றிச் சுற்றி ஒரே சங்கதிதான். நட்டம் வரும் என்று பயந்தவர் குறைவு. "வாங்க, வாங்கன்னு மொதத் தடவ ஆளக் கூப்பிடணும் பாருங்க, அந்தச் சத்தம் தொண்டைய விட்டு வரல மிஸ். வெக்கமா வந்துச்சு" என்றார்கள்.

வேதமணிக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! வெட்கத்தைப் போக்கிவிட்டால் தொழில் தானாக வந்துவிடும் அல்லவா?

கல்லூரி முதல்வர் தேவபிரசாதம் நல்ல மனிதர், ஆனால் தன் நாற்காலி கிறீச்சிட்டாலே மன்னிப்புக் கேட்கிறவர். வேதமணி மூச்சுவிடாமல் பேசிப் பேசி அவரிடம் ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினாள். விருப்பப் பாடமாக, சோதனைக்கு. வகுப்பில் அவள் செய்த முதல் வேலை, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெஞ்சின் மேல் ஏற்றி, உப்பு, கருவாடு, சீப்பு, கண்ணாடி என்று வாய்க்கு வந்ததைக் கூவச் சொன்னதுதான். கல்லூரி மாடியில் குடியிருந்த புறாக்கள் அந்த வாரமே துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தன. வகுப்பு நடக்கும்போது வெளித்துறையில் நின்ற ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது என்றும், அதை வேதமணி வருகைப் பதிவில் சேர்த்துக்கொண்டாள் என்றும் சொல்வோர் உண்டு.

வருட முடிவில் பல்கலைக்கழகம் கண்விழித்தது. இப்படி ஒரு பாடம் தேவைதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு பேராசிரியரை அனுப்பியது. அவர் தலையாட்டினால் பாடம் நிலைக்கும். உதட்டைப் பிதுக்கினால் பாடமும் போச்சு, அதை நம்பி எழுத உட்கார்ந்த ஆராய்ச்சியும் போச்சு. வேதமணி மறுபடியும் பற்று வரவுக்கே போய்த் தும்ம வேண்டியதுதான்.

வந்தவர் பேராசிரியர் சங்கரலிங்கம். திருநெல்வேலிச் சைவர். கஞ்சி போட்ட வேட்டி, விபூதிப் பட்டை, கை விட்டகலாத குடை. அவர் மீசையின் விறைப்பில் ஈரத்துணி காயப்போடலாம்.

"ஏம்மா, வியாபாரத்தைப் பாடமா நடத்த முடியுமா?" என்று முதல்வர் அறையில் உட்கார்ந்ததும் கேட்டார். "அது ரத்தத்துல ஓடணும். எங்க தாத்தா தாலுகா ஆபீஸு, எங்கப்பா தாலுகா ஆபீஸு. என்னைய ஒரு கடையில ஒக்கார வச்சா ஈ ஓட்டத்தான் லாயக்கு."

"ஓட்டப் பழகிக்கிடலாம் சார்" என்றாள் வேதமணி.

"ஈயவா?"

"கடைய."

தேவபிரசாதம் யாரிடம் என்றில்லாமல் பொதுவாக ஒரு மன்னிப்புக் கேட்டார்.

"நாளைக்கு எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி சார்" என்றாள் வேதமணி. "புன்னைக்காயல் கரையில மீன ஏலத்துல எடுத்து, ஆத்துப்பாசன ஊருகளுக்குக் கொண்டுபோயி விக்கப்போறோம். நீங்களே வந்து பாருங்க."

"யாரு ஏலம் எடுக்கா?"

"வளன்னு ஒரு பையன் சார். புன்னைக்காயல்தான் அவனுக்குச் சொந்த ஊரு."

"அது எப்படிச் சரியாகும்? அவனுக்குத்தான் ரத்தத்துலயே உப்பு இருக்கே. கடலையே பாக்காத பிள்ள ஒண்ணு எடுக்கட்டும், அப்பம் ஒத்துக்கிடுதேன்."

அப்படித்தான் அந்தப் பொறுப்பு சந்தனமாரியின் தலையில் விழுந்தது. ஏரலுக்கு இந்தப் பக்கம் வயல்காட்டு ஊர்க்காரி. நெல்லைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவாள். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவள்.

மறுநாள் காலை, பல்கலைக்கழகத்துக் கார் புன்னைக்காயல் மணலில் கால் புதைந்து நின்றது. வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. வளனின் தாய்மாமன் சந்தியாகு மோத்தாதான் ஏலம் கூறுகிறவர். அவர் குரலைக் கேட்டு இலங்கையில் வலை இழுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். ஒரு பெரிய கூடை விளமீனை மணலில் இறக்கி, சுற்றிலும் வியாபாரிகள் கூடி நிற்க, விலையைச் சொல்லி ஆரம்பித்தார்.

சங்கரலிங்கம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தார்.

"கேளுளா" என்று வளன் சந்தனமாரியின் காதில் கிசுகிசுத்தான். "வெல ஏறுது பாரு. சத்தமாக் கேளு."

சந்தனமாரி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்ன பிள்ள, கொட்டாவியா?" என்றார் மோத்தா. கரை முழுக்கச் சிரித்தது.

"மிஸ், தொண்டைக்குள்ள என்னமோ அடச்சுக்கிட்டு" என்று அவள் வேதமணியைப் பார்த்துக் கண் கலங்கினாள். பெஞ்சின் மேல் ஏறி நின்றால் கூரை ஓடு கழலக் கூவுகிற பெண்! கைக்குட்டைக்கு மேலே பேராசிரியரின் கண்கள் இரண்டும், 'நான் அப்போதே சொன்னேனே' என்று பளபளத்தன. மோத்தா, "ஒருதரம், ரெண்டுதரம்" என்று வேறு யாருக்கோ கூடையைத் தள்ளிவிடத் தயாரானார்.

வேதமணிக்குப் பாடம், பட்டம், ஆராய்ச்சி எல்லாம் அந்தக் கூடையோடு போவது போலிருந்தது. அவ்வளவுதான். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு விலையைக் கூவினாள் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய் எழுந்து நின்றது. ஒரு வியாபாரி ஏற்றினார். இவள் அதற்கு மேல் ஏற்றினாள். அவர் விட்டுவிட்டார். இவள் விடவில்லை; தன் விலைக்கு மேல் தானே ஒரு விலை ஏற்றினாள்.

"யம்மா, ஒங்க வெலைய நீங்களே மிதிச்சுக்கிட்டு ஏறுதீயளே! போதும், எறங்குங்க" என்று மோத்தாவே பதறினார். "மூணுதரம்! கூட மிஸ்ஸுக்கு!"

வேதமணி இரண்டு கையையும் உயர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆண்டவருக்கே! மறு ஏலம் போடுங்க!" என்று முழங்கினாள்.

கரை முழுக்க அவளையே திரும்பிப் பார்த்தது. அலைகூட ஒன்று பாதியில் நின்றது.

விஷயம் இதுதான். வேதமணி தன் பிறவியில் ஏலம் கேட்டதெல்லாம் நாசரேத் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு மட்டுமே. அங்கே சபையார் பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள், ஏலம் போடுவார்கள். எடுத்தவர் அதைக் கொண்டுபோக மாட்டார். பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை மறுபடியும் ஏலத்துக்கே விட்டுக்கொடுப்பார். அடுத்தவர் எடுத்து அவரும் விட்டுக்கொடுப்பார். ஒரு பலாப்பழம் சபை முழுவதையும் சுற்றி வந்து, பழுத்து, வெடித்து, கடைசியில் மணம் மட்டும் ஏலம் போன வருடமும் உண்டு. தன் விலைக்கு மேல் தானே ஏற்றுவது அங்கே பக்தி. அந்தப் பழக்கம்தான், பதற்றத்தில், வேதமணியின் நாக்கில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

செய்த காரியம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்கு ஒரு வருடமாக வியாபாரம் சொல்லிக்கொடுத்தவள், வாங்கிய சரக்கைத் தானம் பண்ணிவிட்டாள்! அதுவும் பேராசிரியர் முன்னால்!

"மறு ஏலமா? யாருக்கும்மா?" என்று மோத்தா கேட்டார்.

"கோயிலுக்கு…" என்று முனகினாள் வேதமணி.

மோத்தா திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கண்ணுக்குத் தெரிந்த கோயில் ஒன்றே ஒன்றுதான். மாதா கோயில்.

"கேட்டியளாடே!" என்று மோத்தாவுக்குக் குரல் தழுதழுத்தது. "மாதாவக் கும்பிடாத நாசரேத்து வேதக்காரம்மா, நம்ம மாதாவுக்குக் கூடையோட விட்டுக்கொடுத்துட்டா! நாம பாத்துக்கிட்டு நிக்கவா?"

நிற்பார்களா? முதல் ஏலத்துப் பணம் வேதமணியின் கைப்பையிலிருந்து வள்ளத்துக்காரருக்குப் போனது. அடுத்து வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி எடுத்தார், பணத்தைக் கோயிலுக்குக் கட்டி, மீனை மாதாவுக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய மைத்துனர் எடுத்தார், விட்டுக்கொடுத்தார். மைத்துனரைப் பிடிக்காத பங்காளி இன்னும் கூட்டி எடுத்தார். வியாபாரிகள் எடுத்தார்கள். ஐஸ் உடைப்பவர் எடுத்தார். கூடை ஊர்வலம் போவதுபோல் கைமாறிக் கைமாறி ஓடியது. கூடைக்குள்ளிருந்த மீனுக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே பிடிபட்டிருக்கலாமே என்று கடலுக்குள் மற்ற மீன்கள் பேசிக்கொண்டிருக்கக்கூடும். சந்தனமாரியின் தொண்டை எப்போது திறந்தது என்று அவளுக்கே தெரியாது. "போடுங்க அண்ணாச்சி! விடாதீய!" என்று துள்ளிக்கொண்டிருந்தாள்.

சங்கரலிங்கத்தின் கைக்குட்டை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. குடை நுனி மணலில் தாளம் போட ஆரம்பித்தது.

"என்ன சார், யுனிவர்சிட்டிக்கு வாய் கெடையாதோ?" என்றார் மோத்தா.

யார் நினைத்தார்கள்? இரண்டு தலைமுறை தாலுகா ஆபீஸும் அந்த ஒரு கேள்வியில் சரிந்து விழுந்தது. பேராசிரியர் குடையை வாளைப்போல் உயர்த்தி ஒரு விலை கேட்டார். பங்காளி ஏற்றினார். இவர் இன்னும் ஏற்றினார். மீசை துடித்தது, விபூதி வியர்வையில் ஓடியது. "மூணுதரம்! சாருக்கு!"

"மறு ஏலம்…" என்று சங்கரலிங்கம் பெருமையாக வாயைத் திறப்பதற்கும், கோயிலில் மத்தியான மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்கள். மணி ஓய்ந்ததும் மோத்தா தோளில் துண்டைப் போட்டார். "ஏலம் முடிஞ்சுது. மணி அடிச்ச பொறவு இந்தக் கரையில வெல கூற மாட்டோம். மீன் ஒங்களுக்குத்தான் சார், மாதா குடுத்தது."

"எனக்கா? நான் சைவம்வே!"

"மீனுக்கு அதுல வருத்தம் இல்ல சார்."

பேராசிரியர் அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முட்டைக்கோஸை அதன் பெயருக்காகவே வீட்டுக்குள் விடாத அக்கா. காரின் டிக்கியில் விளமீன். ஓடுகிற காரில் பின்சீட்டில் வேதமணியும் சந்தனமாரியும் வளனும். முன்சீட்டில் சங்கரலிங்கம், மூக்குக்குத் திரும்பிய கைக்குட்டையோடு.

"தூக்கி ஆத்துல போட்ருவமா?" என்றார் ஆத்தூர்ப் பாலத்தில்.

"மாதா குடுத்ததையா சார்?" என்றான் வளன்.

வேதமணி, எப்படியும் எல்லாம் போயிற்று என்று துணிந்துவிட்டாள். எல்லாம் போன பிறகு வருகிற துணிச்சலில் ஒரு குதூகலம் உண்டு. "சார், நீங்க மொதல் போட்டாச்சு. சரக்கு கையில இருக்கு. இருட்டுறதுக்குள்ள அது போகணும். இதுக்குப் பேருதான் சார் தொழில்முனைவு. பாடத்துல இத நான் ரெண்டாம் பருவத்துலதான் வச்சிருக்கேன். நீங்க நேரா அதுக்கே வந்துட்டீய!"

சங்கரலிங்கம் திரும்பி அவளை முறைத்தார். முறைப்பு பாதியில் எங்கோ வழி தவறி, மீசைக்கடியில் ஒரு சின்னச் சிரிப்பாக முடிந்தது.

சந்தனமாரியின் ஊரில் பிசானப் பருவத்து நெல்லறுப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் நெல் மலையாகக் குவிந்திருக்க, கூலி நெல்லை வாங்கிக்கொண்டு பெண்கள் கரையேறும் நேரம். வயல் வரப்பை ஒட்டிக் கார் நின்றது. சந்தனமாரி இறங்கினாள். சொந்த மண்ணை மிதித்ததும் அவளுக்குள் எத்தனை வருடத்துச் சத்தம் அடைந்து கிடந்ததோ, அத்தனையும் கிளம்பியது. "ஏளா, வாங்களா! புன்னைக்காயல் விளமீன்! யுனிவர்சிட்டி கார்ல வந்த மீன்!"

பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். துட்டு யாரிடமும் இல்லை. மடியிலும் ஓலைப்பெட்டியிலும் நெல்தான் இருந்தது. மீனுக்கு நெல் என்று பேச்சானது. இசக்கித்தாய் என்ற கிழவி டிக்கிக்குள் தலையை விட்டு ஆராய்ந்துவிட்டு, குடையோடு ஒதுங்கி நின்ற பேராசிரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி நீருதானா? மீனுக்குக் கண்ணு மங்கிப்போச்சே வே!"

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். சந்தனமாரிக்குக் கரையில் வந்த அதே அடைப்பு. வேதமணி, தன் பாடத்தின் தலையெழுத்து ஒரு மனிதரின் தொண்டைக்குழியில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குந்தான் கண்ணு மங்கிப்போச்சு" என்று வெடித்தார் பேராசிரியர். "அதுக்காக என்னைய வேண்டாம்னு தள்ளிட்டாவளா? பெட்டி நெறைய நெல்லக் கொட்டு ஆச்சி, ரெண்டு மீன எடுத்துக்கோ!"

"மூணு."

"ரெண்டுதான். போனாப் போவுது, சின்னதா ஒண்ணு சேத்துக்கோ. அடுத்த ஆளு யாரு? வாங்க, வாங்க!"

அந்த 'வாங்க' வரப்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, அடுத்த ஊர்க் களத்துக்குப் போய் ஆள் கூட்டி வந்தது. பாதிக்கு மேல் மீனைக் குடை நுனியால் காட்டி விற்றவர், மீதியைக் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். எப்போது குடையைக் கீழே வைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. கடைசி மீன் போனதும், "இன்னும் ஒரு கூட எடுத்திருக்கலாமோ?" என்று கேட்டாரே பார்க்கலாம். டிக்கி நிறைய நெல். தலையில் வைக்கோல் துணுக்கு. கஞ்சி வேட்டி நாலாபக்கமும் கசங்கிக் கிடந்தது. வேதமணி சிரித்தாள், சந்தனமாரி சிரித்தாள், வளன் வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். சங்கரலிங்கம் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பின.

"சார்" என்றாள் வேதமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் தொண்டை திறந்துவிடுகிறவளுக்குத் தனக்கென்று கேட்க வேண்டியபோது அடைத்துக்கொண்டது.

அவரே சொன்னார். "ரத்தம்னு சொன்னேன்லா? எங்க தாத்தா ரத்தத்துல ஓடுனது மையி. அது எனக்கு நல்லாத் தெரியும். அப்ப இப்பம் கூவுனது யாரு? அதை நீதான் ஆராய்ச்சி பண்ணி எழுதணும். வழிகாட்டி வேணுமே ஒனக்கு? நான் இருக்கேன். ஆனா ஒரு நிபந்தனை. ஒரு வருசப் பாடம் பத்தாது, ரெண்டு வருசமாக்கு. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலருந்து வார பரீட்சகர் நான்தான், வேற ஆளப் போட்டா விடமாட்டேன்."

வேதமணி வரப்பென்றும் பாராமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். சேறு வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, "சரி சார்" என்றாள்.

அக்கா வீட்டில் என்ன நடந்தது என்றால், தம்பி முதல்முறையாக நெல் கொண்டுவந்திருக்கிறானே என்று அக்காவுக்கு ஆனந்தம். அந்த நெல்லில் வந்த ஒரு வாசனையைப் பற்றி அவள் கேட்டபோது, ஆற்றுப்பாசனத்து மண்வாசம் என்று பேராசிரியர் கூசாமல் சொன்னார். விற்கப் பழகியவருக்கு இது ஒரு பொருட்டா?

ஆனி பிறந்து கல்லூரி திறந்தது. பல்கலைக்கழகத்தின் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. தேவபிரசாதம் அதைப் படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதனிடமும் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் பட்டம் வர இன்னும் சில வருடம் கிடந்தது. ஆனால் முதல் நாள், வேதமணி புதுச்சேலை சரசரக்கத் தன் வகுப்புக்குப் போனபோது, வகுப்பறை வாசலிலிருந்து வேப்பமரம்வரை பிள்ளைகள் நின்றார்கள். வேதியியல் படிக்கிறவர்கள், தமிழ் படிக்கிறவர்கள், இந்தக் கல்லூரியிலேயே படிக்காதவர்கள், மகளைச் சேர்க்க வந்து தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்ட ஒரு பருப்பு மண்டிக்காரர். வாசலில் காவலாளி கம்பைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கன போறீய? வரிசையில நில்லுங்க."

"நான்தான் அண்ணாச்சி பாடம் நடத்தணும்."

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னலில்கூட ஆள் தொங்கினார்கள்.

"நடத்துங்க மிஸ், யாரு வேண்டாங்கா? ஆனா உள்ள எடமில்ல. இங்கன நின்னே நடத்துங்க" என்றார்.

வேதமணி வாசலிலேயே நின்றாள். ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, அதன் மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினாள்.